பின்னறைக் கட்டில்

குருவுக்கு வயது முப்பத்தேழு. சிஷ்யைக்கு நாற்பத்தொன்பது. தென்காசியில் பிசியோதெரபி பார்க்கும் பியூலா டாக்டர்தான் குரு. அவரிடம் ஆறு வருஷமாகத் தொழில் கற்று, கூடவே உதவிக்கும் நிற்கும் உலகம்மாள்தான் சிஷ்யை. குரு சிஷ்யையை 'அக்கா' என்பார். சிஷ்யை குருவை 'டாக்டர்' என்பாள்.

மேற்கு மலையில் மேகம் திரண்டு சாரல் காற்று ஊருக்குள் புகுந்தால் பலருக்கு மனசு குளிரும். சிலருக்கு மண்டை பிளக்கும். அந்தச் சிலருக்கென்று பியூலா பின்னறையில் ஒரு கட்டில் போட்டிருந்தார். வெளிச்சம் கண்ணைக் குத்தாமல் இருக்க ஜன்னலுக்குக் கனத்த பச்சைத் துணி. மேகத்தைப் போ என்று சொல்ல எந்த டாக்டராலும் ஆகாது. ஆனால் கழுத்தும் தோளும் இளகியிருந்தால், மேகம் வரும் நாளில் பலருக்கு வலி கொஞ்சம் அடங்கித்தான் வருகிறது என்று அவர் கண்டிருந்தார். மாத்திரையை நிறுத்து என்று மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டார்.

சாரல் மாதங்களில் காலை வேளை பியூலா அங்குள்ள நோயாளிகளைப் பார்க்கச் செங்கோட்டைக்குப் போய்விடுவார். அப்போது பின்னறையில் உலகம்மாள் வைத்ததுதான் சட்டம்.

இந்தச் சித்திரையில் நஸ்ரின் தொழில் கற்க வந்து சேர்ந்தாள். இருபத்தைந்து வயது. அவளுக்கென்று இரண்டாவது கட்டில் ஒன்று வந்தது. நடுவில் ஒரு திரை.

ஆனி பிறந்தது. முதல் சாரலோடு ராஜகனி டீச்சரும் வந்தாள். ஆறு வருஷமாக உலகம்மாள் கைக்கே பழகிய கழுத்து அது; நடுவில் ஒரே ஒரு தடவை நஸ்ரின் பார்த்திருந்தாள். சேலைத் தலைப்பால் கண்ணை மூடிக்கொண்டு, தட்டுத்தடுமாறி உள்ளே வந்தவள் கேட்டாள்.

"நஸ்ரின் இருக்காளா?"

"நான் இருக்கேன்லா டீச்சர். வாங்க, படுங்க."

"இருக்கட்டும் உலகம்மா. தப்பா நெனைக்காதீங்க. அவ கையில இருக்க ஆள் எந்திரிக்கட்டும்."

டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். இருபது நிமிஷம். அத்தனை வலியிலும் காத்துக் கிடந்தாளே தவிர, காலியாக இருந்த உலகம்மாளின் கட்டிலில் வந்து படுக்கவில்லை.

உலகம்மாள் காலிக் கட்டிலின் விரிப்பை இரண்டு தடவை உதறிப் போட்டாள்.

அன்று முதல் அவள் நஸ்ரினைக் கண்கொத்திப் பாம்பாய்க் கவனித்தாள். அந்தப் பெண் வேலையைத் தொடங்கும் முன் கையை வெந்நீரில் நனைத்துத் துடைத்தாள். உலகம்மாளும் நனைத்தாள். படுத்திருந்த ஆள் "யம்மா, சுடுது!" என்று எழுந்து உட்கார்ந்தார். நஸ்ரின் கழுத்துக்கடியில் துண்டை நாலாய் மடித்து வைத்தாள். உலகம்மாள் எட்டாய் மடித்தாள். நஸ்ரின் தாழ்ந்த குரலில் பேசினாள். உலகம்மாளும் குரலைத் தாழ்த்திப் பார்த்தாள். "தொண்டை கட்டியிருக்கா? கஷாயம் வச்சுக் குடிங்க" என்றாள் வந்த கிழவி. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். என்ன ஒன்று, இங்கே சூடு பட்டது ஊராருக்கு.

வெள்ளிக்கிழமை மலை முழுக்க மூடிக்கிடந்தது. காற்று ஈரமாக வந்தது. பியூலா பின்னறைக்கு வந்தபோது உலகம்மாள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அக்கா."

"அவளுக்கு மட்டும் தனியா என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க?"

"யாருக்கு?"

"இந்த அறையில எத்தனை அவ இருக்கா?"

பியூலா சிரிக்கவில்லை. "உங்களுக்குச் சொன்னதத்தான் அவளுக்கும் சொன்னேன்."

"அப்ப என் கையில என்ன குறை? மண்டையும் கழுத்தும் சேருற எடத்துல எங்க விரலு வைக்கணும், எவ்வளவு நேரம் அமுக்கணும், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

"சொல்லுவீங்க. எனக்குத் தெரியும்."

"பொறவு ஏன் எல்லாரும் அவ பக்கமே ஓடுதாங்க?"

பியூலா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எனக்குப் பொறாமைதான் டாக்டர். மறைச்சு என்ன ஆகப்போகுது? டீச்சர் அந்தச் சேர்ல தலையப் புடிச்சிட்டு இருந்தத நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு. அவங்க வலி எனக்குப் பெருசாத் தெரியல. அவளுக்காகக் காத்துக் கிடந்தாங்களே, அதுதான் பெருசாத் தெரியுது."

சொன்ன பிறகு உலகம்மாளுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கேட்க வந்ததை விடவில்லை.

"திங்கக்கிழமையிலேருந்து நீங்க செங்கோட்டைக்குப் போயிருவீங்க. இந்த வருசம் பின்னறைப் பொறுப்பு யாருக்கு? அவளுக்குன்னா இப்பவே சொல்லிருங்க. நேத்து வந்தவகிட்டக் கேட்டுக் கேட்டு என்னால வேலை பாக்க முடியாது. நான் வீட்டுக்குப் போயிருதேன்."

பியூலா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். உலகம்மாளின் கட்டிலில் ஏறிப் படுத்தார்.

"காலையிலேருந்து எனக்கும் தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்கு. கொஞ்சம் பாருங்க. பார்த்து முடிச்ச பொறவு பொறுப்பு யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்லுததுதான் முடிவு."

கரும்பு தின்னக் கூலியா? உலகம்மாள் ஸ்டூலை இழுத்துத் தலைமாட்டில் போட்டுக்கொண்டாள். இரண்டு கையையும் குருவின் தலைக்கடியில் கொடுத்து, மண்டை எலும்பின் விளிம்பில் விரல் நுனிகளை நிறுத்தினாள். ஆறு வருஷத்துக் கை. இடம் ஒரு நூல் பிசகவில்லை.

அப்போது திரைக்கு அந்தப் பக்கம் செருப்பு உரசும் சத்தம். ராஜகனி டீச்சரின் செருப்பு அது. இரண்டாவது கட்டில் கிரீச்சிட்டது. நஸ்ரினின் தாழ்ந்த குரல் கேட்டது. டீச்சர் ஏதோ பதில் சொன்னாள்.

உலகம்மாளின் விரல்கள் தம் பாட்டுக்கு அமுக்கின, விட்டன, நகர்ந்தன. அமுக்க வேண்டிய நேரத்துக்கு மேல் ஒரு நொடி இல்லை, கீழும் இல்லை. பியூலா கண்ணை மூடியே கிடந்தார். பத்து நிமிஷம் போனது.

"அக்கா."

"சொல்லுங்க டாக்டர்."

"அந்தப் பக்கம் என்ன பேசுதாங்க?"

உலகம்மாள் குனிந்து, காதோரம் கிசுகிசுத்தாள். இதற்கென்றே காத்திருந்தவள் போலச் சொற்கள் வந்து விழுந்தன.

"'டீச்சர், போன வாரத்துக்கு இடது பக்கம் கொஞ்சம் இளகியிருக்கு'ங்கா அவ. 'நேத்து நோட்டு திருத்துனீங்களா, கீழ்க்கழுத்து கல்லு மாதிரி இருக்கே'ங்கா. டீச்சர், 'ஆமாட்டி, ஏழாங்கிளாஸ் நோட்டு ஒரு கட்டு, தரையில வச்சே திருத்துனேன்'ங்காங்க. 'இனிமே மேசையில வச்சுத் திருத்துங்க, பத்து நோட்டுக்கு ஒரு தடவ நாடிய உள்ள இழுத்து அஞ்சு எண்ணுங்க'ன்னு இவ சொல்லுதா. டீச்சரும் 'சரிட்டி, சரிட்டி'ன்னு கொஞ்சுதாங்க. என்கிட்ட ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல."

"ஒரு வார்த்தை விடலையே!"

"என் காது அப்படி டாக்டர்."

"டீச்சருக்கு எந்தப் பக்கம் இளகியிருக்குன்னீங்க?"

"இடது பக்கம்."

"நடுவுல திரை இருந்தும் அது தெரிஞ்சிருக்கு." பியூலா கண்ணைத் திறக்காமலே கேட்டார். "பத்து நிமிஷமா என் கழுத்து உங்க கையில இருக்கே அக்கா. எனக்கு எந்தப் பக்கம் இறுகிக் கிடக்கு?"

உலகம்மாளின் விரல்கள் நின்றுவிட்டன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் நாள் கற்றுக்கொள்ள வந்தவள் போல, இடது பக்கத்திலிருந்து மறுபடி தொட்டுப் பார்க்கத் தொடங்கினாள்.