திவான் வாயில் லட்டு

தஞ்சாவூர்ப் பட்டறையில் வீணைக்குக் குடம் குடைகிறவள் செங்கமலம். புது வீணையோடு சபைக்கு வந்தவளைத் திவான் மிரட்டினார்.

"மகாராஜாவின் வீணை இது! குடம் நிறையத் தங்கத்தை அடைத்துக் கொடு. நாதம் குறைந்தால் பட்டறையை இழுத்து மூடிவிடுவேன்."

செங்கமலம் அங்கிருந்த லட்டுத் தட்டை நீட்டினாள். "ஆகட்டும் எஜமான். இதை வாய் நிறைய அடைச்சுக்கிட்டு, மகாராஜாவோட பட்டங்களை முழங்குங்க. உங்க குரல் குறையலேன்னா வீணைக்கும் குறையாது."

ராஜா தலையசைத்தார். திவான் அடைத்துக்கொண்டு முழங்கினார்.

"ம்ம்ப்... ம்ம்ப்..."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. "தங்கம் வேண்டாம், வாசி" என்றார் ராஜா.

செங்கமலம் மீட்டினாள். மண்டபமே அதிர்ந்தது. ராஜா எழுந்து நின்றார். வாயில் லட்டோடு திவானும் நின்றார். செங்கமலம் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவள் மடியில் வீணை இருந்ததே!