ஐயா எழுதிய வரி

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியின் கணினி மையத்தில் தையல்நாயகி என்றொரு தற்காலிக ஊழியர் இருந்தாள். அங்கே இயக்குநர் அருணகிரி. கறுப்புத் திரையில் கட்டளை தட்டி மின்னஞ்சல் படித்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். அந்த மின்னஞ்சல் புரோகிராமைத் தானே எழுதியதாக ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்.

புதுக் கணினிகள் வந்தன. அவற்றின் இயங்குதளமே வேறு; பழைய புரோகிராம் அதில் அப்படியே ஓடாது.

"நான் எழுதினதுல ஒரு வரிகூட மாறாம இதுல ஓடணும். இல்லேன்னா அடுத்த மாசம் உனக்கு வேலை இல்ல," என்றார் இயக்குநர் தையல்நாயகியிடம்.

மாற்றாமல் எப்படி ஓடும்? தையல்நாயகி, எந்த வரியை யார் எழுதியது என்று சொல்லும் பழைய பதிவைத் தேடிப் படித்தாள். பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

பத்தாம் நாள் எல்லோர் முன்னிலையிலும் புரோகிராம் ஓடியது. உள்ளே திறந்து பார்த்த இயக்குநர் குதித்தார்.

"முந்நூறு வரி மாறியிருக்கே!"

"அதெல்லாம் முன்னாடி இங்க வேலை பார்த்த லூர்துமேரி அம்மா எழுதினது சார். பதிவுல இருக்கு. நீங்க எழுதினதை நான் தொடவே இல்ல." முதல் வரியைக் காட்டினாள்: 'ஆக்கம்: முனைவர் அருணகிரி.'

அவர் முகம் சிவந்தது. பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த வரியை அழித்துவிட்டு, லூர்துமேரி, தையல்நாயகி என்று தானே தட்டினார்.

"இப்ப இதுல என் வரி ஒண்ணுமே இல்லம்மா. எதை வேணாலும் மாத்திக்கோ. உன் வேலையை யாரும் தொடமாட்டாங்க."