கில்பி கொண்டுவந்த சட்டம்

ஏழு கடலுக்கு அப்பால் இங்கிலாந்து தேசத்தை, தன் குடிகளின் பாஷையே சரியாகப் பேச வராத ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். அந்தக் காலத்தில் வெல்மவுத் என்றொரு துறைமுகப் பட்டணம். அந்தப் பட்டணத்தில் ஆம்ப்ரோஸ் கில்பி என்றொரு வணிகர்.

வடதேசத்து மரமும் கப்பலுக்குப் பூசும் தாரும் வரவழைத்து விற்பது கில்பியின் தொழில். கையில் கறை படாமல் தார் விற்கத் தெரிந்தவர். முதலில் நகரசபையில் இடம் பிடித்தார். அப்புறம் நகரத் தலைவர் ஆனார். அதற்கும் அப்புறம் பாராளுமன்றத்துக்கே போனார். ஒவ்வொரு படி ஏறும்போதும், "எனக்கு இதிலெல்லாம் ஆசையே கிடையாது. ஊருக்காகத்தான்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஊரும் சேர்ந்து துடைத்துக்கொள்ளும்.

அவர் மனதை உறுத்தியவர் ஒரே ஒருவர்தான். ராஃப் டன்ஸ்டன். தெற்கேயிருந்து ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து விற்பவர். பழம் வாங்கியவர்கள் டன்ஸ்டனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவார்கள். தார் வாங்கிய எவன் கில்பியைப் பார்த்துச் சிரித்தான்?

ஒருநாள் சாராயக்கடையில் ஒரு மாலுமி, தென்தேசத்தில் கொள்ளைநோய் என்று உளறினான். கில்பி ஆள் விட்டு விசாரித்தார். "அங்கே நோயும் இல்லை, நொடியும் இல்லை" என்று ஆள் வந்து சொன்னான். கில்பி அவனுக்கு வயிறாரச் சாப்பாடு போட்டு, வாயைத் திறக்காதே என்று சொல்லி அனுப்பினார்.

பிறகு பாராளுமன்றத்தில் எழுந்து நின்று கண்ணீர் விட்டார். "கொள்ளைநோய் வருகிறது! நம் குழந்தைகளை யார் காப்பார்கள்?" என்றார். சட்டம் பிறந்தது. தெற்கேயிருந்து வரும் எந்தக் கப்பலும் வெல்மவுத்துக்கு வெளியே ஒரு மண்டலம் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். யாரும் இறங்கக் கூடாது, யாரும் ஏறக் கூடாது, யாருக்கும் விலக்குக் கூடாது. காவலுக்கு ஓபேத் என்பவனைக் கில்பியே பொறுக்கி எடுத்தார். லஞ்சம் வாங்கத் தெரியாதவன், சிரிக்கவும் தெரியாதவன்.

டன்ஸ்டனின் கப்பல் வந்தது, நின்றது. பழங்கள் அழுகின. அந்தக் கப்பலின் தலைவன் பாய்மரத்திலிருந்து விழுந்து, காயம் புரையோடி, காய்ச்சலில் கிடந்தான். அவன் மனைவி ஹெஸ்தர் கில்பியின் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"ஐயா, அவருக்கு வந்தது நோய் இல்லை, காயம். ஒரே ஒரு வைத்தியரை மட்டும் அனுப்புங்கள்."

"சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் அம்மா" என்றார் கில்பி. "எனக்கே ஆனாலும் இதேதான்."

அவள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் செத்துப்போனான். ஊர் அழுதது. ஆனாலும் கில்பியின் நெஞ்சுறுதியைப் பேசிப் பேசி மெச்சியது. அன்றிலிருந்து, நங்கூரமிட்டு நிற்கிற கப்பல்களுக்கெல்லாம் ஹெஸ்தர் படகில் ரொட்டி கொண்டுபோய்க் கயிற்றில் கட்டிவிடுவாள். கேட்டால், "உள்ளே யாரோ ஒருவர் கிடப்பார் அல்லவா?" என்பாள்.

டன்ஸ்டன் நொடித்துப்போனார். ஊரில் ஆரஞ்சு அரிதாயிற்று. அரிதானதும் கில்பிக்கு நாக்கு ஊறியது. தேர்தலுக்கு முன் ஊருக்கே பழம் வழங்கினால் ஊரே தன்னைப் பார்த்துச் சிரிக்குமே! தானே தெற்கே போய்க் கப்பல் நிறையப் பழம் ஏற்றிக்கொண்டு திரும்பினார். சட்டம் நினைவில் இருந்தது. காவல் நம் ஆள்தானே என்பதும் நினைவில் இருந்தது.

ஓபேத் படகில் வந்து கப்பலை நிறுத்தினான்.

"நான்தான் கில்பி. வழி விடு" என்று அதட்டினார்.

"தெரிகிறது ஐயா. நங்கூரம் போடுங்கள்."

மறுநாள் நயமாகப் பேசினார். "உனக்கு ஒரு வீடு கட்டித் தருகிறேன், ஓபேத்."

"எனக்கு வீடு இருக்கிறது ஐயா."

தேர்தல் நெருங்கியது. அடித்தளத்தில் பழம் அழுகும் வாடை மேல்தளத்துக்கு வந்துவிட்டது. மூன்றாம் முறை கில்பிக்குப் பொறுக்கவில்லை. கப்பல் விளிம்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"அட மடையா! தெற்கே நோயே கிடையாது! எனக்கு அப்போதே தெரியும். நான் சொன்னது பொய்!"

ஓபேத் யோசித்தான். "தப்பிப்பதற்காக எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள் ஐயா. பாராளுமன்றத்தில் அழுதுகொண்டு சொன்னீர்கள். இப்போது கத்திக்கொண்டு சொல்கிறீர்கள். நான் அழுததைத்தான் நம்புவேன். சட்டமாக வந்தது அதுதான்."

அப்போதுதான் கில்பி கீழே பார்த்தார். ரொட்டிக் கூடையோடு ஹெஸ்தர் படகில் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்படியென்றால், அன்றைக்கு வைத்தியரை அனுப்பியிருக்கலாம். இல்லையா ஐயா?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூடையைக் கயிற்றில் கட்டிவிட்டுப் படகைத் திருப்பினாள். அந்த ரொட்டியைக் கில்பியால் தின்னவும் முடியவில்லை, கடலில் எறியவும் முடியவில்லை.

சந்தையில் ஹெஸ்தர் தான் கேட்டதை ஒரே ஒரு முறை சொன்னாள், அழாமல். அதுவே போதுமானதாக இருந்தது. தேர்தலில் கில்பியை எதிர்த்து நின்ற டன்ஸ்டன் ஜெயித்தார்.

மண்டலம் முடிந்து கில்பி கரை இறங்கினார். கல்லடி விழும் என்று பயந்திருந்தார். ஒரு கல்லும் வரவில்லை. ஜனங்கள் மரியாதையாக ஒதுங்கி வழி விட்டார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் அருமை ஊர் மக்களே" என்று தொடங்கினார். கூடியிருந்தவர்கள் தத்தம் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

"குளிர்காற்று அடிக்கிறது ஐயா, வீட்டுக்குப் போங்கள்" என்றாள் மீன் விற்கிற ஒருத்தி, நல்ல மனதோடுதான்.

அப்புறம் கில்பி நெடுங்காலம் வாழ்ந்தார். தார் விற்றார், உண்மையே பேசினார். ஆனால் அவர் "மழை பெய்கிறது" என்று சொன்னால்கூட, ஊரார் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை விரித்தார்கள்.

கேட்டவர்களே, இதன் நீதி இதுதான்: அடுத்தவன் வழியை அடைக்கப் பொய்யைச் சட்டமாக்குகிறவன், தனக்கு வழி வேண்டும்போது உண்மையைச் சொன்னாலும் கேட்க ஆள் இல்லாமல் நிற்பான்.