மூக்காயி சேர்த்த அத்தி வற்றல்

சோலைக்காட்டில் ஒரு பெரிய மரம். அதன் உச்சிப் பொந்துக்குள் மூக்காயி என்ற பெண் இருவாச்சிப் பறவை அடைந்து கிடந்தாள்.

இருவாச்சிகளின் வழக்கம் அப்படி. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடும். உள்ளே இருக்கும்போது சிறகெல்லாம் உதிர்ந்து புதிதாக முளைக்கும். அதுவரை புருஷன் கொண்டு வந்து கீறல் வழியாக ஊட்டுவதுதான் சாப்பாடு.

மூக்காயியின் புருஷன் பெயர் கொண்டையன். அலகின் மேல் பெரிய கொண்டை. அதற்குள் மூளை இருப்பதாக அவன் நம்பினான்.

அந்த வருஷம் மூக்காயி இட்டது கூமுட்டையாகப் போயிற்று. அன்று முதல் ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு சடங்கு.

"'நன்றி மகராசா' சொல்லு!"

"நன்றி மகராசா."

"சத்தமா! பக்கத்து மரத்துக்குக் கேக்கணும்!"

"நன்றி மகராசா!"

"ம். கூமுட்டை போட்டவளுக்கு இதுவே ஜாஸ்தி."

பக்கத்துக் கிளையில் சுருளி என்ற மலையணில் குடியிருந்தாள். கேட்டுக் கேட்டு அவளுக்கு ரத்தம் கொதித்தது. ஒரு நாள் கீறலருகே வந்து, "அக்கா, இன்னிக்கே அவனை அத்து விடு! இந்தச் சுவத்தை நான் கடிச்சுத் தள்றேன்!" என்றாள்.

"தள்ளிட்டு? என்னைப் பாரு, உரிச்ச கோழி மாதிரி இருக்கேன். போன வருஷம் மேற்குச் சரிவு வேலாத்தா, 'உன்னோட வாழ முடியாது, போடா'ன்னு உள்ளேயிருந்தே கத்தினா. அவனும் 'சரி'ன்னு போயிட்டான். நாலாம் நாள் அவளே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டா. இப்போ பாதிப் பழம்தான் ஊட்டுறான்."

"அப்போ இவனோடவே காலம் தள்ளப் போறியா?"

"பிரியத்தான் போறேன். ஆனா அது அவனுக்குக் கடைசியாத்தான் தெரியணும்."

அன்றிலிருந்து மூக்காயி வேலையைத் தொடங்கினாள். எட்டு அத்திப் பழம் வந்தால் ஆறைத் தின்றாள். கொண்டையன் பறந்து போனதும் மீதி இரண்டைக் கீறல் ஓரத்து வெயிலில் காயவைத்து, வற்றலாக்கி, பொந்தின் அடியில் ஒளித்தாள்.

அடுத்த கவலை, மரங்கள். எட்டு வருஷக் குடித்தனத்தில், பொந்துக்கு வெளியே இருந்த மாதங்களிலும் இரை தேடப் போனது அவன் மட்டும்தான்; எந்த மரம் எங்கே இருக்கிறது, எப்போது பழுக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டால், "அதெல்லாம் ஆம்பளை சமாச்சாரம்" என்பான். எனவே அவள் கேட்பதை விட்டுவிட்டுப் புகழ்ந்தாள்.

"அடேயப்பா! மகராசாவைத் தவிர யாராலயும் இந்த ருசியைக் கண்டுபிடிக்க முடியாது!"

கொண்டையன் கழுத்தை நீட்டினான். "பின்னே? ஓடைக்கு வடக்கே, இடி விழுந்த பாறைக்குப் பின்னாடி ஒரு கல்லத்தி. அடுத்த மாசம் தெற்குச் சரிவுல காட்டு ஜாதிக்காய் பழுக்கும். ஒருத்தனுக்கும் தெரியாது!"

ஒருத்தனுக்கும் தெரியாததை எல்லாம் அவன் நாளுக்கொன்றாக ஒப்பித்தான். சுருளி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். பன்னிரண்டு மரத்தில் பத்து உண்மை. இரண்டு வெறும் ஜம்பம்.

சிறகு முக்கால்வாசி வளர்ந்திருந்த சமயம். கொண்டையன் சுருளியிடம் வம்புக்குப் போனான். "வாலு பெருசா இருந்து என்ன பிரயோஜனம்? உனக்குன்னு ஒரு குடும்பம் உண்டா?"

"உன் குடும்பமே இன்னும் பத்து நாளைக்குத்தான்டா, மண்டைக்கனம் பிடிச்சவனே!" என்று சொல்லிவிட்டு, சுருளி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொண்டையன் கீறலில் கண்ணை வைத்தான். "ஓ, அப்படியா சங்கதி? பட்டினி கிட! தானா வழிக்கு வருவே!"

எதிர் மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டான், வேடிக்கை பார்க்க. முதல் நாள் பொந்திலிருந்து சத்தமே இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. ஐந்தாம் நாள் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அடியே, பசிக்கலையா?"

"இல்லைங்க."

"கொஞ்சம்கூடவா?"

"இப்பத்தான் சாப்பிட்டேன்."

"என்னத்தை?"

மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

உண்மையில் மூக்காயிக்கு நல்ல பசி. காலைக்கு இரண்டு வற்றல், மாலைக்கு இரண்டு என்று எண்ணி எண்ணிக் கடித்தாள். சிறகை நீவி நீவிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்! பத்தாம் நாள் ஒரே ஒரு வற்றல் மிச்சம். அதை விழுங்கிவிட்டுச் சுவரை உடைத்தாள். நேராகக் காட்டு நாட்டாமையான கரடியிடம் பறந்து போய், பிரிவும் பழ மரங்களில் பங்கும் கேட்டுப் பிராது கொடுத்தாள்.

கொண்டையன் மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்தான். "நாட்டாமை, மரமெல்லாம் நான் கண்டுபிடிச்சது! பொந்துக்குள்ள கிடந்தவளுக்கு ஏது பங்கு? ஒரு மரமாவது எங்கே இருக்குன்னு தெரியுமான்னு கேளுங்க!"

கரடி கேட்டது. மூக்காயி பத்து மரத்தையும், பழுக்கும் மாதத்தோடு, மூச்சு விடாமல் சொன்னாள்.

கொண்டையனின் அலகு தொங்கிப்போயிற்று. "இவளுக்கு... இதையெல்லாம் யாரு சொன்னது?"

"நீங்கதாங்க. கீறல்ல வாயை வச்சு, நாளுக்கு ஒண்ணா."

கரடி வயிறு குலுங்கச் சிரித்தது. "ஏம்ப்பா, ரெண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்தப்போ கிடைச்ச மரம். ஆளுக்கு அஞ்சு. பொந்தைப் பூசினது யாரு?"

"நான்தான்," என்றாள் மூக்காயி. சுருளி சாட்சி சொன்னாள்.

"அப்போ பொந்து உனக்கு. தீர்ந்தது வழக்கு."

"நாட்டாமை, இப்படி ஆகும்னு நான் யோசிக்கவே இல்லையே!" என்று புலம்பினான் கொண்டையன்.

"அவ யோசிச்சா," என்றது கரடி.

மூக்காயி தன் பங்குக் கல்லத்தியை நோக்கிப் பறந்தாள்.

பிரிவதென்று முடிவு செய்தவர்கள், அதை வாய்விட்டுச் சொல்லும் முன்பே, தங்கள் சோற்றுக்கும் கூரைக்கும் வழி செய்துகொள்ள வேண்டும்.