பங்கிராஸின் பெயர்

நான் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டீர்கள். கல்லிடமே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னும் கடற்கரையில்தான் நிற்கிறது.

படகு கவிழ்ந்து திரும்பாதவர்களின் பெயர்களை வெட்டிய மணற்கல் அது. அதைப் பராமரித்தவர் தொம்மை அண்ணாவி. தலைவலி வந்தால் கல்லே அவரைத்தான் கூப்பிடும் என்று ஊரில் பேச்சு. அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தவள் அமலி. அவள் புருஷன் பங்கிராஸின் பெயரும் கல்லில் இருந்தது. உடல் கிடைக்கவில்லை.

மற்றப் பெயர்கள் வெட்டிய மாதிரியே நின்றன. பங்கிராஸ் மட்டும் மங்கிக்கொண்டே வந்தான்.

“நாளைக்கு ஆசாரி வர்றார், அமலி. அந்தப் பேரைத் திரும்ப வெட்டணும்.”

“வேண்டாம் அண்ணாவி. கல்லே அவரை வேண்டாங்குது. அவர் உசிரோட இருக்கார்.”

“கல்லு உன்கிட்டச் சொல்லிச்சா?”

“ஏன், உங்ககிட்ட மட்டும்தான் பேசுமாக்கும்?”

அண்ணாவி சிரித்தார். நனைத்த காகிதக் கூழ் வாளியை அவள் பக்கம் தள்ளினார்.

“கல்லு குடிச்ச உப்பை முதல்ல எடுப்போம். அவன் பேர்மேலயும் அப்பு.”

அப்பினாள். காயக் காய, கூழ் கல்லுக்குள் இருக்கும் உப்பை உறிஞ்சிக்கொள்ளும். உச்சி வெயில். காற்று நின்றுபோயிற்று. அலை வந்தது, சத்தம் வரவில்லை.

“உரி.”

உரித்தாள். காய்ந்த கூழின் பின்புறத்தில் ஒவ்வொரு பெயரும் இடம் வலம் மாறிப் புடைத்து வந்தது. பங்கிராஸின் பெயர்மேல் அப்பியதை உரித்துத் திருப்பினாள்.

அதில் எழுத்து இல்லை. நாலு விரல்கள். உப்புப் பூத்து வெளுத்து, கல்லுக்குள்ளிருந்து யாரோ நீட்டியது போல.

“அண்ணாவி... அவர் கை!”

“உன் கையை வச்சுப் பாரு.”

வைத்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது. மீன் முள் ஏறிக் கோணிப்போன அவளுடைய சுண்டுவிரல்கூட.

“விடிஞ்சதும் இங்க வந்து என்ன செய்வே?”

“அவர் பேர்ல விரலைப் பதிச்சு உப்பைத் துடைப்பேன்...” நிறுத்தினாள். “அப்போ, நான்தான் அழிச்சேனா?”

அண்ணாவி அவளுடைய கோணல் விரலைத் தொட்டுக் காட்டினார்.

கூழ் சுக்காகக் காய்ந்திருந்தது. அந்த நாலு விரல்கள் மட்டும் ஈரமாக, சில்லென்று இருந்தன. அவள் கையை எடுக்கவில்லை.

“நாளைக்கு ஆசாரி வெட்டினா இந்தக் கை போயிருமே, அண்ணாவி.”

“விடு, அமலி. நீ இந்தப் பக்கம் அழுத்த அழுத்த, அந்தப் பக்கம் அவன் விரல் தேயுது.”