நரியின் சர்வரில் யானையின் மணி

ஓடைக்காட்டில் நரி ஒரே ஒரு சர்வர் வைத்திருந்தது. அதில் நாற்பது விலங்குகளின் இணையதளங்கள் குடியிருந்தன. மயிலின் தோகைப் படங்கள், ஆமையின் பயணக் குறிப்புகள், மைனாவின் கிசுகிசு... யாராவது பார்க்க வந்தால் எழுந்து முகம் காட்டும். பிறகு தூங்கிவிடும்.

யானையோ ஜாவா என்ற நிரல்மொழியில் ஒரு செயலி எழுதியிருந்தது. அது ஓடையில் நட்ட கருவிகள் வழியாக நீர்மட்டத்தை ஓயாமல் பார்க்கும். வெள்ளம் ஏறினால், கரையோர எலி வளைகளில் மணி அடிக்கும்.

"நரியண்ணே, என் செயலி தூங்கவே தூங்காது. மெமரியும் நிறையத் தின்னும். இடம் போதுமா?"

"அட, யானையாரே! நம்ம சர்வர்ல எல்லாமே அளவில்லாதது! வாங்க, வாங்க!"

இரண்டே நாளில் ஆமை கத்தியது. "யோவ் நரி! என் பக்கம் என்னைவிட மெதுவாத் திறக்குது! காடே சிரிக்குது!"

"என் தோகை பாதிதான் தெரியுது! மீதியை அந்தக் குண்டன் தின்னுட்டானா?" என்று மயில் அகவியது.

நரி ஒரு காவல் வைத்தது. அளவுக்கு மேல் மெமரி எடுக்கும் செயலி எதுவானாலும் அந்த நொடியே நின்றுவிடும்.

"மழை வந்தா என் செயலிக்கு இன்னும் வேணுமே?" என்றது யானை.

"இப்ப ஓடுதில்ல? அப்புறம் என்ன!"

ஓடத்தான் செய்தது. யானையும் அதோடு விட்டுவிட்டது.

ஐப்பசியில் ஒரு நாள் உச்சிப்பொழுதில் மழை கொட்டியது. ஓடையில் இருந்த கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பின. செயலி மெமரியை அள்ளி அள்ளி எடுத்தது. அளவைத் தாண்டியது. காவல் அதை டக்கென்று நிறுத்தியது.

மூங்கில் தின்றுகொண்டிருந்த யானை குனிந்து பார்த்தது. "மணி அடிக்கலையே... ஆனா கால் நனையுதே!"

கரைக்கு ஓடியது. வளைக்குள் எலி தன் ஆறு குட்டிகளோடு படுத்திருந்தது.

"எலியக்கா, வெளியே வா!"

"மணி அடிக்கலையே தம்பி! சும்மா பயமுறுத்தாதே!"

"மணி செத்துப்போச்சு! வா!"

எலி ஒவ்வொரு குட்டியாகக் கவ்வி வந்து தும்பிக்கையில் வைத்தது. ஆறாவது குட்டி ஏறியதும் வளை மூழ்கியது.

யானை நரியிடம் போய்ப் பிளிறியது.

"உங்க ஒருத்தருக்காக நாற்பது பேரைக் காக்கவைக்க முடியுமா, சொல்லுங்க?" என்றது நரி.

யானை மறுநாள் ஒரு சின்னப் பழைய கணினியை மேட்டில் வைத்து, செயலியை அதற்கு மாற்றியது.

எலி வந்து எட்டிப் பார்த்தது. "தம்பி, மயில் வந்து கெஞ்சினாலும் இதுல இடம் கொடுத்துடாதே!"

ஓயாமல் விழித்திருக்க வேண்டிய வேலையை, எல்லோரும் தூங்கும் சத்திரத்தில் குடிவைக்கக் கூடாது.