தோல் மேல் போட்ட ஆணை

கொற்றையூர் அரசர் அதிவீரவாணருக்குப் பாட்டு என்றால் உயிர். பாட்டுக்குத்தான் அவரைக் கண்டால் ஆகாது.

அவருடைய பிறந்த நட்சத்திர நாள். உள்ளங்கையிலும் விரல்களிலும் மருதாணி செக்கச்செவேலென்று பற்றியிருக்க, சபையில் அமர்ந்து மூன்று நாழிகை பாடித் தீர்த்தார். பாடி முடித்ததும் எல்லோரும் கைதட்டக் கையெடுத்த நேரத்தில், சபை விகடர் வெண்காடர் பணிவாக எழுந்தார்.

“அரசே, சுருதி சேர்ந்துவிட்டதா? இனிப் பாட்டை ஆரம்பிக்கலாமே!”

சபை குலுங்கிச் சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை. மருதாணிக் கையை விரித்துக் காட்டிக் கத்தினார்:

“கண்ணுக்குத் தெரிகிறதே, இந்தத் தோல்! இது என் உடம்பில் இருக்கும்வரை நீ என் முன்னால் வரக்கூடாது. வந்தால் தலை இருக்காது!”

பிரதானி மாவலிராயருக்கு உச்சி குளிர்ந்தது. சபையில் தனக்கு விழாத சிரிப்பெல்லாம் வெண்காடருக்கு விழுகிறதே என்று வெகுகாலமாய் வெந்துகொண்டிருந்தவர் அவர். அரசர் மனம் மாறுவதற்குள் ஆணையைக் காகிதத்தில் எழுதி, அரசரின் பெருவிரல் ரேகையையும் வாங்கி, பத்திரமாகப் பெட்டியில் பூட்டிக்கொண்டார்.

வெண்காடர் வீட்டில் கிடந்தார். நான்கு நாளாய்ப் பொட்டுத் தூக்கம் இல்லை. உயிர் உள்ளவரை தோல் போகாது, தோல் உள்ளவரை சபை கிடையாது. சிரிக்க வைப்பதைத் தவிர வேறு தொழிலும் தெரியாது. ஐந்தாம் நாள் தூக்கத்துக்கு மருந்து கேட்டு அரண்மனை வைத்தியர் உலகுடையாளிடம் போனார்.

அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கப்பல் வணிகர் ஒருவர் கொடுத்த உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

“வாரும் வெண்காடரே. இதைப் பாரும். வெங்காய வேரின் நுனி. சாயம் ஏற்றி வைத்திருக்கிறேன்.”

வெண்காடர் பார்த்தார். குட்டிக் குட்டி அறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் நூல் நூலாக ஏதோ சுருண்டு கிடந்தது.

“ஒவ்வொரு அறையும் ஓர் உயிரணு. அது இரண்டாகப் பிரியும். ஆனால் எடுத்த எடுப்பில் பிரிந்துவிடாது. முதலில் உள்ளே இருக்கும் நூல் ஒவ்வொன்றுக்கும் அச்சு அசலாக ஒரு படி எடுத்துக்கொள்ளும். பிறகு நூல்கள் சோடி சோடியாக நடுவில் வரிசை கட்டி நிற்கும். இரண்டு பக்கமிருந்தும் மெல்லிய இழைகள் பற்றி இழுக்கும். சோடியில் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். அப்புறம் நடுவில் ஒரு தடுப்பு எழும்பும். ஒன்று இரண்டாகிவிடும். இரண்டிலும் முழுக் கணக்கு நூல். குறைவும் இல்லை, கூடுதலும் இல்லை.”

“வெங்காயத்துக்கு மட்டும்தானா இந்த அதிர்ஷ்டம்?”

“உமக்கும்தான். தடுப்புக்குப் பதில் உம் உயிரணு இடுப்பு ஒடுங்கிப் பிரியும், அவ்வளவுதான் வித்தியாசம். தோலின் அடியில் ஓயாமல் இது நடக்கிறது. புதியவை மேலே தள்ள, பழையவை உதிர்ந்துபோகும். வெளியே தெரிகிற தோல் ஒரு மாதம்போலத்தான் நிற்கும். உள்ளங்கை தடிப்பு, அங்கே கொஞ்சம் கூடுதலாக ஆகும்.”

வெண்காடர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஒரு மண்டலம் போதுமா அம்மா? நாற்பத்தெட்டு நாள்?”

“தாராளம். இரும், தூக்கத்துக்கு மருந்து தருகிறேன்.”

“வேண்டாம் அம்மா, இப்போதே தூக்கம் வருகிறது!”

ஆணை போட்ட நாற்பத்தொன்பதாம் நாள், பட்டு அங்கவஸ்திரத்தோடு வெண்காடர் சபைக்குள் நுழைந்தார். காவலர் வாளை உருவினர். மாவலிராயர் பெட்டியைத் திறந்து ஆணையை உயர்த்திப் பிடித்தார்.

“தலையைக் கொடுக்கத் தானாகவே வந்திருக்கிறான்!”

“அரசே, கையை ஒருமுறை பாருங்கள்,” என்றார் வெண்காடர். “அன்று காட்டினீர்களே, அந்தச் சிவந்த தோல் எங்கே? மருதாணி பற்றியது தோலில். அந்தத் தோல் உதிர்ந்தது, மருதாணியும் கூடவே போனது. இது அடியிலிருந்து பிறந்து வந்த புதுத் தோல். ஆணை காலாவதி!”

அரசர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வைத்தியர் உலகுடையாள் ஆமென்று தலையசைத்தார்.

மாவலிராயர் விடவில்லை. “கேட்டீர்களா அரசே? மேலே இருப்பது புதுத் தோலாம். அப்படியானால் அரியணையில் இருப்பவர் வேறு ஆளா? இது ராஜத்துரோகம்!”

வெண்காடரின் கண் அந்தக் காகிதத்தின் மேலேயே இருந்தது.

“அரசே, பிரதானியார் கையில் இருக்கும் ரேகைக்குப் பக்கத்தில் இன்னொரு ரேகை வையுங்கள்.”

மை வந்தது. அரசர் பெருவிரலை ஒற்றினார். இரண்டும் ஒன்றே. ஒரு கோடு பிசகவில்லை.

“தோலின் உயிரணு ஒவ்வொன்றும் படி எடுத்துவிட்டுத்தான் பிரிகிறது அரசே, பிரதானியார் அலுவலக எழுத்தர்களைவிடச் சுத்தமாக! அதனால் தோல் எத்தனை மாறினாலும் அரசர் அரசரேதான்.”

மாவலிராயர் துள்ளினார். “அகப்பட்டான்! ரேகை ஒன்றென்றால் தோலும் ஒன்றுதானே? ஆணை நிற்கிறது!”

“பிரதானியாரே, ஓர் ஓலைக்குப் படி எடுக்கிறீர்கள். மூல ஓலையைக் கரையான் தின்றுவிடுகிறது. எழுத்து இருக்கிறது. ஓலை இருக்கிறதா?”

மாவலிராயர் காகிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

அரசருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தோளில் இருந்த சரிகைப் போர்வையை எடுத்து வெண்காடருக்குப் போர்த்தினார். “நீ இல்லாத சபை உப்பில்லாத சோறாக இருந்ததய்யா. வேறென்ன வேண்டும், கேள்!”

“ஒன்றே ஒன்று அரசே. இனி எத்தனை முறை வேண்டுமானாலும் என்னைத் துரத்துங்கள். ஆணையை மட்டும் தோல் மேலேயே போடுங்கள். தப்பித் தவறிப் பல் மேல் போட்டுவிடாதீர்கள். அது புதிதாக வராது. தங்களுக்குப் பொக்கை விழும்வரை நான் வீட்டில் கிடக்க வேண்டும்!”

அரசர் சிரித்த சிரிப்பில் முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தன. ஒன்றுகூட ஆடவில்லை என்பதை வெண்காடர் கவலையோடு கவனித்துக்கொண்டார்.